வண்டி வந்தது, பள்ளிக்கூடம் பிறந்தது

பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் எப்படிப் பிறந்தது என்று கேட்டால், அடிக்கல் நாட்டியவரின் பெயரையும் ஆண்டையும் சொல்லிவிடுவார்கள். நூற்றாண்டு மலர்களைப் புரட்டினாலும் முதற் பக்கங்களில் இருப்பவை அவைதான். அந்தக் கட்டடத்துக்குள் முதல் பிள்ளை எப்படி வந்து சேர்ந்தாள், காலையில் அவளை யார் கூட்டிவந்தார்கள், பின்னேரம் யார் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள் என்பதெல்லாம் அங்கே அதிகம் அகப்படாது. எனக்கோ அதுதான் கதையின் உயிர்நாடியாகப் படுகிறது. மன்னார் பூநகரி வீதியில் வெள்ளாங்குளம் போன்ற ஊரில் நின்று பார்த்தால் வேறு எப்படிப் படும்? மகள் எதுவரை படிப்பாள் என்பதை இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளில் பஸ்தான் தீர்மானிக்கிறது.

எங்கள் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பறங்கியர், ஒல்லாந்தர் காலத்துப் பாழடைந்த தேவாலயங்களைத் திருத்திக் குடியேறினார்கள். ஊர் ஊராகத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள். பொடியன்கள் வந்தார்கள். பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்ற எண்ணம் அந்நாளில் வேரோடியிருந்தது. கோயிலில் ஆடும் பெண்கள்தான் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று ஊர் நினைத்த காலம் அது. ஏட்டைத் தொட்ட மகளுக்கு மாப்பிள்ளை கிடைப்பானா என்பது தாயின் பயம். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. மகளின் வாழ்க்கை முழுவதும் ஒரு கலியாணத்தில் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்தத் தாய் கணக்குப் பார்த்தது சரிதான்.

அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர் ஹரியட் வின்ஸ்லோ. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நோர்விச் என்ற ஊரில் 1796 இல் பிறந்தவர். பிற்காலத்தில், 1862 இல், பெரிய தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்ட மைரன் வின்ஸ்லோவின் மனைவி. 1820 இல் இருவரும் யாழ்ப்பாணம் வந்து உடுவிலில் தங்கினார்கள். தையல் சொல்லித் தருகிறேன், படித்தால் சட்டை தருகிறேன் என்று அக்கம்பக்கத்துச் சிறுமிகளை ஹரியட் கூப்பிட்டுப் பார்த்தார். எட்ட நின்று எட்டிப் பார்த்தவர்கள் உண்டு, உள்ளே வந்தவர்கள் குறைவு.

உடுவில் பள்ளியின் பிறப்பைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஒரு நாள் பெருமழை. மிஷன் வீட்டில் ஒதுங்கிய இரண்டு சிறுமிகள் வீடு திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். இருட்டிவிட்டது, பசி. அந்த வீட்டில் கை நனைத்தால் சாதி போய்விடும் என்று முதலில் மறுத்தவர்கள் கடைசியில் சாப்பிட்டார்கள். பிள்ளைகளைத் தேடி வந்த வீட்டார் கொதித்துப்போனார்கள். சாப்பிட்டது சாப்பிட்டதுதான், இனி இங்கேயே நின்று படிக்கட்டும் என்று பேச்சு முடிந்ததாம். வாய்வழி வந்த கதை என்பதால் ஒவ்வொரு விவரத்துக்கும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கதை எங்கே கை வைக்கிறது என்று பாருங்கள். பிரச்சினை பாடத்தில் வரவில்லை, ஆசிரியையிலும் வரவில்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த ஒழுங்கையிலும், ஒரு கவளம் சோற்றிலும் வந்தது. மழை அந்த ஒழுங்கையை ஒரு இரவு மூடிவிட்டது, அவ்வளவுதான்.

1824 இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கியது. ஏன் விடுதி? அதற்கு விடை மேலே சொன்னதிலேயே இருக்கிறது. தினமும் வந்து போகும் பள்ளி என்றால் பிள்ளை தினமும் ஊரார் கண்முன்னால் நடக்க வேண்டும். தினமும் ஒருவர் ஏதாவது சொல்லுவார். தினமும் வீட்டில் அதே வாக்குவாதம் நடக்கும். ஒரேயடியாகக் கொண்டுவந்து விட்டால் அந்தப் பேச்சு ஒரு தடவையோடு முடிந்துவிடும். அதோடு வட்டுக்கோட்டைச் செமினரியில் 1823 முதல் இளைஞர்கள் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் படித்த மனைவியர் வேண்டும் என்பதும் மிஷனின் எண்ணம். பிள்ளையின் செலவை அமெரிக்காவில் ஒரு நன்கொடையாளர் ஏற்றுக்கொள்வார். அந்த நன்கொடையாளர் விரும்பிய பெயரே பிள்ளைக்கும் சூட்டப்படும். இணுவிலிலும் சுன்னாகத்திலும் பிறந்த பெண்கள் நியூ இங்கிலாந்துப் பெயர்களோடு பதிவேட்டில் நிற்பது இப்படித்தான்.

இன்னொன்றும் செய்தார்கள். படித்து முடித்துக் கலியாணம் செய்யும் பெண்ணுக்கு மிஷன் ஒரு சிறு சீதனத் தொகை கொடுத்தது. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. பெண்கல்வி கொடுக்க வந்தவர்களே சீதனத்துக்குத் துணைபோனார்களே என்பார்கள். எனக்கு இது அந்தத் திட்டத்திலேயே மிகவும் கண்திறந்த காரியமாகத் தெரிகிறது. தாயின் பயம் எதுவோ அதற்கே நேராக விடை சொல்லியிருக்கிறார்கள். பெண்கல்வியின் மேன்மையைப் பற்றி நூறு பிரசங்கம் செய்திருந்தாலும் அந்தத் தொகை திறந்த கதவு திறந்திருக்காது.

ஆனால் விலையும் இருந்தது. விடுதி என்றால் பிள்ளை வீட்டை விட்டுப் போவது. பெயர் போனது, சமயமும் பெரும்பாலும் மாறியது. தாய் ஒரு உலகம், மகள் ஒரு உலகம் என்றானது. தாயின் சமையற்கட்டில் இருந்தபடியே மகள் படிக்க அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

ஹரியட் 1833 சனவரியில், 36 வயதில், உடுவிலிலேயே காலமானார். அதே மிஷனின் ஸ்போல்டிங் தம்பதியர் பள்ளியைத் தாங்கினார்கள். 1840 இல் நியூயோர்க்கிலிருந்து எலைசா அக்னியூ வந்தார். கலியாணம் செய்யாதவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பள்ளியை நடத்தினார். மாணவிகளின் மகள்களுக்கும், அந்த மகள்களின் மகள்களுக்கும் பாடம் சொன்னார். ஒரு தடவைகூட ஊர் திரும்பாமல் 1883 இல் மானிப்பாயில் காலமானார். ஆயிரம் மகள்களின் தாய் என்று அவரைச் சொல்வது வெறும் புகழ்ச்சி அல்ல, அவரிடம் படித்தவர்களின் தொகை உண்மையிலேயே ஆயிரத்தைத் தாண்டியது. இரண்டாம் தலைமுறைக்கு யாரும் சட்டை காட்டி அழைக்க வேண்டியிருக்கவில்லை. தான் நடந்த வழியில் மகளைத் தாயே கூட்டிவந்தாள்.

இனிக் கல்கத்தா. பெருநகரத்தில், மிஷன் சாராமல், மதம் போதிக்காமல், பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பெண்கள் பள்ளி என்ற வகைக்கு இந்தத் துணைக்கண்டத்தில் அது ஒரு தெளிவான தொடக்கம்.

ஜோன் எலியட் டிரிங்வோட்டர் பெத்தியூன் 1848 இல் இந்தியா வந்தார். கவர்னர் ஜெனரலின் சபையில் சட்ட உறுப்பினர், கல்விச் சபைத் தலைவர். கல்கத்தாவுக்கு அருகே பாராசாத் என்ற ஊரில் 1847 இலேயே பியாரி சரண் சர்க்கார் முதலான உள்ளூர்க்காரர்கள் தாங்களாகவே ஒரு பெண்கள் பள்ளி தொடங்கி, அதற்காக ஊர்ப்பகையையும் சம்பாதித்திருந்தார்கள். பெத்தியூன் அதைப் போய்ப் பார்த்தார். கல்கத்தாப் பள்ளி அவர் பெயரில் நிலைத்துவிட்டதால் பாராசாத்துக்காரர்களைப் பலர் மறந்துவிட்டார்கள். வழி காட்டியவர்கள் அவர்கள்தான்.

1849 மே 7 ஆம் நாள் கல்கத்தாவில் பள்ளி திறந்தது. 21 சிறுமிகள். இடம் தட்சிணாரஞ்சன் முகர்ஜியின் வீட்டு வரவேற்புக்கூடம். சொந்தக் கட்டடத்துக்கு நிலமும் அவரே கொடுத்தார். சமஸ்கிருதக் கல்லூரிப் பண்டிதர் மதன்மோகன் தர்க்காலங்கார் தன் மகள்கள் புவனமாலாவையும் குந்தமாலாவையும் முதல் நாளே கொண்டுவந்து சேர்த்தார். சேர்த்ததோடு நிற்காமல் சம்பளம் வாங்காமல் தானே பாடமும் சொன்னார், பிள்ளைகளுக்காக வங்காளப் பாலபாடமும் எழுதினார். அதற்காகச் சொந்த ஊரில் அவரைத் தள்ளிவைத்தார்கள். பாடம் வங்காளத்தில். ஆங்கிலம் பெற்றோர் கேட்டால் மட்டும். சமயபோதனை அறவே இல்லை.

உடுவிலில் தாயைத் தடுத்த அதே வீதி இங்கேயும் குறுக்கே கிடந்தது, இன்னும் அகலமாக. கல்கத்தாவின் மேற்குல வீடுகளில் பெண்கள் அந்தப்புரத்தில் வாழ்ந்தார்கள். எட்டு வயதுச் சிறுமி தெருவில் நடந்து பள்ளிக்குப் போவது என்பது அந்த வீட்டின் மானத்தைத் தெருவில் இறக்குவது. பிள்ளைகளை விடுதியில் அடைத்துக் காப்போம் என்றால் யாரும் அனுப்பப் போவதில்லை, பெத்தியூனுக்கும் அது நோக்கமில்லை. அவர் கண்ட வழி வண்டி. பள்ளியின் குதிரை வண்டி வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிவரும், மாலையில் இறக்கிவிடும்.

அந்த வண்டியின் பக்கத்தில் ஒரு சமஸ்கிருத வாசகம் எழுதப்பட்டிருந்தது. மகனைப் போலவே மகளையும் பேணி வளர்த்துக் கருத்தோடு கல்வி கொடுக்க வேண்டும் என்ற பொருளுள்ள சாஸ்திர வாக்கியம். இதை யோசித்தவர்களின் புத்தியை நான் வியக்கிறேன். சாஸ்திரம் பெண்கல்வியை விலக்குகிறது என்று வீதியோரத்தில் நின்று சொல்பவன், தன் முன்னால் உருண்டு போகும் வண்டியில் சாஸ்திரமே வேறு சொல்வதை வாசிக்க வேண்டியிருந்தது. வண்டி போகும் வழியெல்லாம் வசை கேட்டது. கவிஞர் ஈசுவர் சந்திர குப்தா படித்த பெண்களைக் கேலி செய்து பாட்டே எழுதினார். பயந்துபோன பல வீட்டார் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். வண்டி நிற்கவில்லை. 1850 இறுதியில் சீர்திருத்தவாதி ஈசுவர் சந்திர வித்யாசாகர் பள்ளியின் செயலாளரானார். 1851 இல் தேவேந்திரநாத் தாகூர் தன் மகள் சௌதாமினியை அனுப்பினார். தாகூர் வீட்டுப் பிள்ளையே ஏறிய வண்டியைப் பார்த்துச் சிரிக்கப் பலருக்குத் துணிவு வரவில்லை.

பெத்தியூன் 1851 ஆகஸ்ட் 12 இல் கல்கத்தாவிலேயே இறந்தார். அங்கிருந்த தன் சொத்தைப் பள்ளிக்கு எழுதிவைத்திருந்தார். அதன்பின் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி தன் சொந்தப் பணத்தில் பள்ளியைத் தாங்கினார். 1856 இல் அரசு பொறுப்பேற்றது.

பள்ளி பிழைத்தது. ஆனால் நீண்ட காலம் அது சிறுமிகள் பள்ளியாகவே இருந்தது, ஏனென்றால் பத்துப் பன்னிரண்டு வயதில் கலியாணம் வந்து பிள்ளையை வண்டியிலிருந்து இறக்கிவிடும். உயர்நிலைப் பள்ளியாக அது வளர்ந்தது 1878 இல். துவாரகாநாத் கங்கூலி முதலானோர் நடத்திவந்த வங்க மகிளா வித்யாலயம் அந்த ஆண்டு இதனோடு இணைந்தது. அங்கிருந்து வந்த காதம்பினி பாசு கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறிய முதல் பெண். அந்த ஒரு மாணவிக்காகவே 1879 இல் கல்லூரி வகுப்புத் திறந்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்பு! ஆளில்லை என்று சொல்லிப் பாடப்பிரிவுகளை மூடுகிறவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைக்க வேண்டும். 1883 இல் அவரும் சந்திரமுகி பாசுவும் பட்டம் பெற்றார்கள். காதம்பினி பின்னர் வைத்தியரானார்.

லண்டனிலும் ஏறக்குறைய இதே ஆண்டுகள்தான். 1850 ஏப்ரல் 4 இல், 22 வயதுப் பிரான்சஸ் மேரி பஸ், கேம்டன் பகுதியில் 35 மாணவிகளோடு நோர்த் லண்டன் கொலீஜியேட் பள்ளியைத் திறந்தார். பகல் பள்ளி. விடுதிக் கட்டணம் கட்ட முடியாத நடுத்தரக் குடும்பங்களுக்கு அது எட்டியது. 1870 இல் தன் சொந்தப் பள்ளியை ஒரு பொது அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 1872 இல் பங்குகள் விற்று முதல் திரட்டிப் பெண்கள் பகல் பள்ளிகளை வரிசையாகத் திறக்க ஒரு நிறுவனமே உருவானது. பெருநகரங்களில் சுயாதீனமாக நடக்கும் பெண்கள் பகல் பள்ளி என்ற அச்சு அங்கே வார்க்கப்பட்டதுதான். அங்கும் வீதி பெற்றோரைப் படுத்தியது. யார் மகளோடு யார் மகள் சேர்ந்து நடப்பது என்ற கவலையில், பெற்றோரின் அனுமதி இல்லாமல் மாணவிகள் ஒன்றாக வீடு திரும்பக் கூடாது என்று பல பள்ளிகள் விதி வைத்திருந்தன.

அந்த லண்டன் படிப்பின் ஒரு கிளை யாழ்ப்பாணம் வரை வந்தது பலருக்குத் தெரியாது. சைவப் பெண்பிள்ளைகள் மதம் மாறாமல் உயர்கல்வி பெற வேண்டும் என்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் பெண்கள் கல்லூரி தொடங்கியபோது, அதை நடத்த வந்தவர் புளோரன்ஸ் பார். லண்டனில் பேர்பெற்ற நாடக நடிகை, பெர்னாட் ஷோவுக்கும் கவிஞர் யேட்ஸுக்கும் நெருங்கிய தோழி. பெண்களுக்கென 1848 இல் திறந்த குயீன்ஸ் கல்லூரியில் படித்தவர். 1912 இல் மேடையை விட்டு இலங்கைக்குக் கப்பலேறினார், 1917 இல் கொழும்பில் இறந்தார். மருதனார்மடத்திலும் விடுதி வைக்க வேண்டியிருந்தது. உடுவிலுக்குப் பிறகு தொண்ணூறு ஆண்டுகள் கழிந்திருந்தன, தூரத்து ஊர்ப் பிள்ளைக்கு அப்போதும் வேறு வழி இருக்கவில்லை.

1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் என்ற மதில் அன்றோடு இடிந்தது. 1960 இல் அரசு பள்ளிகளைக் கையேற்றபோது பெரும்பாலான மிஷன் பள்ளிகள் அரசுக்குப் போயின. உடுவில் மகளிர் கல்லூரி தனித்து நின்றது, இன்றும் நிற்கிறது. மன்னார் நகரிலும் பெண்களுக்கென நல்ல பள்ளி இருக்கிறது. ஆக, பள்ளிகள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, பணமும் கேட்பதில்லை. மிச்சமிருப்பது 1824 இல் இருந்த அதே ஒன்றுதான்: பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே கிடக்கும் வழி.

வெள்ளாங்குளம் மன்னார் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், மாந்தை மேற்கில் இருக்கிறது. ஏ-32 வீதியில் தெற்கே இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு, அப்பால் மன்னார். வடக்கே முழங்காவில், பூநகரி. கிழக்கே துணுக்காய், மல்லாவி வழியாக மாங்குளம். 2008 இல் போர் இந்தப் பக்கம் வந்தபோது சனம் கையில் அகப்பட்டதோடு இடம்பெயர்ந்தது. மீண்டும் குடியேறிய பிறகு, 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. கடல்நீரேரியைக் கடக்கப் பாதைப்படகை எதிர்பார்த்து நின்ற காலம் அதோடு முடிந்து, யாழ்ப்பாணம் பஸ் ஏறும் தூரத்துக்கு வந்தது. இந்தக் கரையின் பெண்கல்விக்குப் புதிதாக எழுப்பிய எந்த மாடிக் கட்டடத்தையும் விட அந்தப் பாலம் பெரிய காரியம் என்பது என் முடிவு.

ஆனால் பாலம் இருந்தால் மட்டும் போதாது. கிராமத்துப் பள்ளிகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் இல்லை. ஓ.எல். சோதனையை நன்றாகச் செய்த பிள்ளை நகரப் பள்ளிக்குப் போக வேண்டும், அல்லது கிடைக்கிற பாடத்தை எடுக்க வேண்டும். காலையில் வீதியோரம் நிற்கும் ஒரு பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். வெள்ளைச் சீருடை, ரிப்பன் கட்டிய இரட்டைப் பின்னல், தோளில் பை, கையில் சீசன் டிக்கெட். பஸ் தூரத்தில் தெரிந்ததும் அவள் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வேகம் குறைகிறதா என்றுதான் பார்க்கிறாள். சீசன் டிக்கெட்டோடு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் நிறுத்தாமல் இழுக்கும் பஸ்கள் நாடு முழுவதும் உண்டு. காலையில் ஒன்று போனால் முதல் பாடம் போகும், அதைத் தாங்கலாம். பின்னேரம் மேலதிக வகுப்பு முடிந்து ஒன்று போனால் பொழுதுபடும், தாய் வாசலுக்கும் வீதிக்கும் நடப்பாள். இப்படி இரண்டு மூன்று பின்னேரங்கள் வந்தால் போதும், "காணும் பிள்ளை, இனிப் போக வேண்டாம்" என்று வீட்டில் முடிவாகிவிடும். அந்தத் தாயைக் குறை சொல்ல நான் வரமாட்டேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் உடுவில் தாய் பார்த்த கணக்கைத்தான் அவளும் பார்க்கிறாள்.

பள்ளி மாணவருக்கென்றே ஓடும் "சிசு சரிய" பஸ் சேவை நாட்டில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு, இன்னும் பல வீதிகளுக்கு வர வேண்டிய ஏற்பாடு. நேர அட்டவணை போடுகிறவர்கள் பள்ளி விடும் நேரத்தை மட்டும் பார்க்காமல், உயர்தரப் பிள்ளையின் மேலதிக வகுப்பு முடியும் நேரத்தையும் கேட்டறிந்து போட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து ஊர்ப் பள்ளிகளுக்கு உதவும் உறவுகளிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். நீங்கள் மண்டபம் கட்டித் தருகிறீர்கள், நுழைவாயில் வளைவு கட்டித் தருகிறீர்கள், கணினி வாங்கித் தருகிறீர்கள். நன்றி. அடுத்த தடவை ஒரு வானுக்குப் பணம் கொடுங்கள். வாங்கும் விலையோடு விட்டுவிடாமல் டீசலுக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் மாதாமாதம் கொடுங்கள். பிள்ளைகளோடு கூடவே போய்வர ஊரில் நம்பிக்கையான ஒரு பெண்மணிக்கும் சம்பளம் ஒதுக்குங்கள். பின்னேரம் ஒவ்வொரு பிள்ளையையும் அவளவள் வீட்டு வாசலில் இறக்கச் சொல்லுங்கள். வானில் உங்கள் பெயரையும் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.